ஒன்பது கெஜம்

காலை ஆறேகாலுக்குக் கதவைத் திறந்து, தெருவுக்கு முதுகைக் காட்டியபடி, வெர்லன் பகெட் பின்னோக்கியே நடந்துபோய்ச் செய்தித்தாளை எடுப்பான். வாசற்படியிலிருந்து நடைபாதை விளிம்புவரை இருபத்திரண்டு எட்டு. முழங்கால் மடங்கியிருக்கும், இடுப்பு தாழ்ந்திருக்கும், குதிகால் தரையில் படாது. கண் மட்டும் தன் வீட்டுக் கதவை விட்டு நகராது. உள்ளேயிருந்து யாரோ பாய்ந்து வரப்போகிறார்கள் என்பது போல. எதிர்வீட்டு ஹங்கேரியக்காரி திருமதி சாபோ முதல் வருஷம் திரைச்சீலையை விலக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். இப்போது ஒன்பதாம் வருஷம். நவம்பர் பிறந்து தரையில் உறைபனி படிய ஆரம்பித்தால், அவன் எழுந்திருக்கும் முன்பே அந்த இருபத்திரண்டு எட்டுக்கும் உப்பைத் தூவி வைத்துவிடுகிறாள். அவன் விழுந்து தொலைத்தால் ஞாயிற்றுக்கிழமை யார் நிற்பது என்பது அவளுடைய கவலை.

அமெரிக்கக் கால்பந்து ஆடும் டொலீடோ பைலட்ஸ் அணியில் அவன் இடது ஓரக் காவல். அந்த ஆட்டத்தில் மற்ற எல்லோருக்கும் முன்னால் என்று ஒரு திசை இருக்கிறது. பின்காவல் நால்வருக்கு மட்டும் அது முதுகுப் பக்கம். எதிரணியின் பந்து பிடிப்பவன் முழு வேகத்தில் ஓடி வருவான். எந்த இடத்தில் திரும்புவான் என்பது அவனுக்குத் தெரியும். பந்தை எறிபவனுக்கும் தெரியும். வெர்லனுக்குத் தெரியாது. தெரியாமலே அவனைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடவேண்டும். அவன் திரும்பும் கணத்தில் தானும் இடுப்பைச் சுழற்றி அவனோடு ஒட்டிக்கொண்டு ஓடவேண்டும். அந்த ஒரு சுழற்சிக்காகத்தான் பத்து வருஷமாக அவனை வைத்திருந்தார்கள். ஜனவரி முதல் ஜூன் வரை அவன் கண்ணாடித் தொழிற்சாலையில் கார்க் கண்ணாடிகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைப்பான். அங்கேயும் ஒரு கண்ணாடிகூட அவன் கையில் உடைந்ததில்லை.

மனிதர்களின் முகத்தை அவன் பார்ப்பதில்லை. "மூஞ்சி பொய் சொல்லும். தோளு அதைவிடப் பெரிய பொய்யி. தொப்புள் எந்தப் பக்கம் போகுதோ, ஆளு அந்தப் பக்கந்தான் போவான்," என்பான். பழக்கம் மைதானத்தோடு நிற்கவில்லை. தபால்காரரிடம் பேசும்போதும் அவன் பார்வை அவருடைய பெல்ட்டின் மேல்தான். பாதிரியாரின் மனைவியிடம் அப்படி நின்று பேசப்போய், அந்த அம்மாள் ஒரு மாதம் அவனைக் கண்டாலே கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். அவன் மனைவி எர்னஸ்டீன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு பூசணிப் பணியாரம் செய்து எடுத்துப் போக வேண்டியதாயிற்று.

எதிரே நிற்பவனுக்கும் தனக்கும் நடுவே அவன் விடுகிற இடைவெளி ஏழு கெஜம். மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு உண்டு. ஆனால் அவனுக்குக் கோடு தேவையில்லை. தூங்கிக்கொண்டிருப்பவனை எழுப்பி நிறுத்தினாலும் சரியாக ஏழில்தான் நிற்பான். "அஞ்சுன்னா திமிரு. ஒம்போதுன்னா பயம். ஏழுன்னாதான் வேலை," என்று விளக்கம் சொல்வான்.

அவனுக்கு ஒரு பழைய புகழும் இருந்தது. இளமையில் வேண்டுமென்றே கால் வழுக்கியதுபோல் தடுமாறுவான், அல்லது அசந்து நிற்பதுபோல் நிற்பான். எறிபவன் ஆசைப்பட்டுப் பந்தை அந்தப் பக்கம் வீசியதும் எங்கிருந்தோ வந்து அதைப் பறித்துக்கொண்டு ஓடுவான். ஒரே ஆட்டப் பருவத்தில் பத்துப் பந்து அப்படிப் பறித்தான். தூண்டில் போடுகிறான் என்று எழுதினார்கள். அதெல்லாம் நான்கு வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது அணியின் புதியவர்கள் அவனைப் "பெருசு" என்று கூப்பிடுகிறார்கள். அவனுக்கு வயது முப்பத்திரண்டு.

அந்த 1971-ஆம் வருஷம் அக்டோபரில் அவனுடைய இடது இடுப்பு யோசிக்க ஆரம்பித்தது. வலி என்று அதைச் சொல்ல முடியாது. வலியோடு அவன் பல வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறான். இது வேறு. திரும்பு என்று சொன்னால் இடுப்பு ஒரு கணம் தயங்கியது. கேட்டது காதில் விழவில்லை என்பதுபோல் நின்றுவிட்டு, அப்புறம் திரும்பியது. அந்த ஒரு கணத்தில் பிடிப்பவன் இரண்டு கெஜம் போய்விடுவான். எனவே வெர்லன், யாரிடமும் கேட்காமல், தன் இடத்திலிருந்து இரண்டு கெஜம் பின்னால் போய் நின்றுகொண்டான். ஒன்பது.

அணியின் வைத்தியரிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் அவர் பயிற்சியாளரிடம் சொல்வார். அதன்பின் ஒரு காலையில் உடைமாற்றும் அறைக்கு ஒருவர் வந்து, கோச் கூப்பிடுகிறார், புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா என்பார். ஆட்ட உபாயங்கள் எல்லாம் வரைந்த தடித்த புத்தகம் அது. அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்றால் நீ இனி அணியில் இல்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுத் தலை குனிந்து புத்தகத்தோடு போனவர்கள் பலரை வெர்லன் பார்த்திருக்கிறான். ஒருவர்கூட வந்த வழியே திரும்பி நடந்ததில்லை, பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். தன் முறை வரும்போது பருவம் முடிந்திருக்க வேண்டும், தானே புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வெளியே வரவேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கு இன்னும் ஆறு ஆட்டங்கள் பாக்கியிருந்தன.

எர்னஸ்டீனுக்கு அவன் சொல்லாமலே தெரிந்தது. மாடிப்படியில் அவன் பக்கவாட்டில் இறங்கும் சத்தம் அவளுக்குச் சொல்லிவிட்டது. மாலையில் அவன் வெந்நீர்த் தொட்டியில் இடுப்புவரை மூழ்கிக் கிடக்கும்போது கதவோரம் வந்து நின்று, வைத்தியரிடம் போகச் சொல்லிப் பார்த்தாள்.

"போனா புத்தகத்தைக் கேப்பாங்க," என்றான்.

"கேட்டா குடுத்துட்டு வாங்களேன். வீட்ல வேற புத்தகமே இல்லையா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் அவள். பிள்ளைகள் எதையாவது மறைக்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

இதில் வெர்லனைத் தூங்கவிடாமல் அடித்தது ஒரு தகரப் பெட்டி. ஒவ்வொரு ஆட்டத்தையும் அரங்கின் கூரைமேல் இருந்து ஒருவர் படமெடுப்பார். எறியும் பந்தின் பின்னால் போவது ஜனங்களின் கண்தான். கூரைமேல் இருக்கும் அந்தக் கண்ணுக்கு இருபத்திரண்டு பேரும் ஒன்று. அடுத்து மோதப்போகும் அணிக்கு நம் கடைசி மூன்று ஆட்டப் படங்களை நாமே அனுப்பவேண்டும், அவர்களும் தங்களுடையதை அனுப்புவார்கள் என்பது எல்லா அணிகளும் சேர்ந்த சங்கத்தின் விதி. திங்கட்கிழமை மாலை, வட்டமான தகரப் பெட்டிகளில் சுருள்களை வைத்து, கயிறு கட்டி, விமான நிலையத்துக்கு எடுத்துப் போவார்கள். பத்து வருஷமாக வெர்லன் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை வண்டியில் பெட்டி ஏறுவதை நின்று பார்த்தான். அந்த வாரம் மோதப்போகிற அணியின் ஊரான லூயிவில்லுக்கு விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டான். படக்காரர் பெட்டியின் மேல் பையை வைத்துவிட்டு, "ஏன் பெருசு, நீயும் ஊருக்குக் கிளம்பறியா?" என்றார்.

பெட்டிக்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. மூன்றிலும் ஒன்பது கெஜத்தில் நின்றுகொண்டிருக்கும் வெர்லன் பகெட் இருந்தான். தன்னைத் தானே காட்டிக்கொடுக்க விமானம் ஏறிப் போகிறான் அவன். செவ்வாய் பகலுக்குள் லூயிவில்லில் ஓர் இருட்டறையில் அவனை ஓட்டிப் பார்ப்பார்கள், நிறுத்துவார்கள், மறுபடி ஓட்டுவார்கள். அவர்களுடைய பிடிப்பவன் லின்வுட் கேட்ஸுக்கு வயது இருபத்து மூன்று. ஒன்பது கெஜத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்புத்தான் வரும் என்று வெர்லன் நினைத்தான்.

புதன்கிழமை காலையில் சுவரில் தாள் ஒட்டுவார்கள். முந்தைய ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்விலும் சரியாகச் செய்தவனுக்குக் கூட்டல் குறி, தவறியவனுக்குக் கழித்தல் குறி. பின்காவல் நால்வருக்கும் அந்தத் தாள்தான் ஜாதகம். வெர்லன் பெயருக்கு எதிரே ஒரு கழித்தலும் இல்லை. அவன் பக்கம் பந்து வந்திருந்தால்தானே. நடுக் காவலான ஆர்டெல் மேஹ்யூவின் பெயருக்கு எதிரே இரண்டு. போன வாரமும் இரண்டு. நெப்ராஸ்காவிலிருந்து வந்த புதியவன் ஒருவன் ஆர்டெலின் இடத்தில் பாதி நேரம் பயிற்சிக்கு நிற்க ஆரம்பித்திருந்தான். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. ஆர்டெலைக் கண்டாலே குற்றவாளிபோல் ஷூவைப் பார்ப்பான்.

ஆர்டெலும் வெர்லனும் ஒரே காரில் வருபவர்கள். ஆர்டெல் பேசுவான், வெர்லன் ஓட்டுவான். ஏழு வருஷமாக அப்படித்தான். பனிக்கால டயர், தன் மாமியாரின் பல், நிக்சனின் மூக்கு என்று எதையாவது பிடித்துக்கொண்டால் அரங்கு வரும்வரை விடமாட்டான். அந்தப் புதன்கிழமை திரும்பும் வழியில் அவன் பேசவில்லை. ஆற்றுப் பாலம் ஏறியதும் வானொலியை அணைத்தான்.

"நீ ஒம்போது விடுற," என்றான்.

"தரை ஈரமா இருக்கு."

"எனக்கும் அதே தரைதான்டா."

வெர்லன் பாலத்தைப் பார்த்து ஓட்டினான். முன்னால் போன பால் வண்டி மெதுவாகப் போயிற்று. தாண்டலாம், தாண்டவில்லை.

"இடுப்பு," என்றான் கடைசியில்.

"எத்தனை வாரமா?"

"அஞ்சு."

"அஞ்சு வாரமா பக்கத்து சீட்ல என்னை உக்கார வெச்சுக்கிட்டு வாயத் திறக்கல. உன்னையெல்லாம்..." ஆர்டெல் கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு, படம் லூயிவில் போயாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பந்து உன் பக்கம்தான் வரும், நான் உன் பக்கமாக நாலு எட்டுத் தள்ளி நின்றுகொள்கிறேன் என்றான்.

வேண்டாம் என்றான் வெர்லன். நடு காலியாகும், அங்கே பந்து போனால் கழித்தல் உன் பெயரில்தான் விழும், உனக்கு இன்னொன்று விழுந்தால் தாங்காது என்று எடுத்துச் சொன்னான்.

"நான் எங்க நிக்கணும்னு எனக்கே பாடம் எடுக்காத பெருசு. ரோட்டப் பாரு."

வெர்லன் ரோட்டைப் பார்த்தான். ஒருமுறை மறுத்தாயிற்று. இரண்டாம் முறை அவன் மறுக்கவில்லை. ஆர்டெலை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபின் தன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு கொஞ்சம் லேசாயிருந்தது. லேசாயிருப்பதைக் கண்டு அவனுக்கே அருவருப்பாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது. வெர்லன் வெண்ணெய் போட்ட சோளக்குறுணைக் கஞ்சியில் பாதியை வைத்துவிட்டான். இடது காலுக்கு மட்டும் இரண்டு காலுறை போட்டான்; அது அவனுடைய பழைய வழக்கம், அதற்குக் காரணம் அவனுக்கே மறந்துவிட்டது. எர்னஸ்டீன் எப்போதும் உட்காரும் வரிசையில் உட்காராமல் ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டாள்.

முதல் நகர்வுக்கு அவன் போய் நின்றபோது எதிரே லின்வுட் கேட்ஸ் நின்றான். வெர்லன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட்டுக்குக் கீழே வெள்ளை கால்சட்டை, அதில் ஒரு சொட்டு அழுக்கில்லை. ஒன்பது கெஜம். பந்து வலப்பக்கம் போயிற்று. அடுத்தது பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்கடுத்தது நடுவில் குட்டையான எறி. ஆட்டத்தின் நான்கு கால்மணிப் பகுதிகளில் முதலாவது முழுவதும் அவன் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. கேட்ஸ் ஒவ்வொரு முறையும் சும்மா பத்து கெஜம் ஓடிவிட்டு நின்றான், வேலைக்கு வந்து கையெழுத்து மட்டும் போடுபவன் போல.

ஓங்கிய கை இறங்கிவிட்டால் வலியோடு போயிற்று. இறங்காமலே மேலே நின்றால் அதன் கீழ் நிற்பவன் என்ன செய்வான்? ஏன் வரவில்லை என்று வெர்லன் கணக்குப் போட்டான். கடைசிக்கென்று வைத்திருக்கிறார்கள். தான் களைத்துப் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். இடைவேளையில் மற்றவர்கள் பெஞ்சில் சரிந்தார்கள். உட்கார்ந்தால் இடுப்பு இறுகிவிடும் என்று பயந்து அவன் சுவரில் சாய்ந்து நின்றே ஆரஞ்சுச் சுளையைச் சப்பினான். ஆர்டெல் பக்கத்தில் வந்து, "வரும். இனிமேதான் வரும்," என்று சொல்லிவிட்டுப் போனான். பல் வைத்தியர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனிடம் சொல்வதுபோல் இருந்தது.

மூன்றாம் பகுதியின் நடுவில், டொலீடோ ஏழு புள்ளி முன்னால் இருக்கும்போது, லூயிவில்காரர்கள் கூடிப் பேசிவிட்டு வந்து நின்றார்கள். கேட்ஸின் இடுப்பு அன்று முதல்முறையாகக் கொஞ்சம் தாழ்ந்திருந்ததாக வெர்லனுக்குப் பட்டது. பின்னால் புல்லில் ஷூ உரசும் சத்தம் கேட்டது. ஆர்டெல் நகர்ந்து வருகிறான். இரண்டு எட்டு. நாலு எட்டு. ஆறு. அவர்களுக்குள் ஒரு சைகை இருந்தது: வெர்லன் தன் பின்தொடையை இரண்டு முறை தட்டினால், உன் இடத்துக்குப் போ என்று அர்த்தம். திரும்ப வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை, இரண்டு தட்டுத்தான். அவன் கை தொடைக்கு அருகில்தான் இருந்தது. அது தட்டவில்லை.

பந்து நடுவில் போயிற்று. ஆர்டெல் நிற்க வேண்டிய இடம் வெறும் புல்லாக இருந்தது. அந்தப் புல்லின் வழியாக லூயிவில்காரன் இன்னொருவன் பந்தோடு தனியாக ஓடினான், அறுபத்தொரு கெஜம், பின்னால் ஒரு நிழல்கூட இல்லாமல். அந்த ஓட்டத்தில் கிடைத்த ஏழு புள்ளியில் ஆட்டம் சமமாயிற்று. கடைசியில் மூன்று புள்ளியில் தோற்றார்கள். பயிற்சியாளர் வோஸ்னியாக் எல்லைக் கோட்டருகே ஆர்டெலை நிறுத்தி எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். தப்பாகக் கணித்துவிட்டேன் என்றான் ஆர்டெல்.  வாழ்நாளில் அவன் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டம் முடிந்து கலையும்போது கேட்ஸ் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வெர்லனைத் தேடி வந்தான். பையனுக்கு நல்ல சிரிப்பு.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்த ஒம்போது கெஜம்."

வெர்லனின் பார்வை அவன் பெல்ட்டுக்கு இறங்கியது.

"செவ்வாக்கெழம எங்க கோச் படத்த நிறுத்திக் காட்டுனாரு. பகெட் தூண்டில் போட்டு உக்காந்திருக்கான், ஒம்போதுல சும்மா நிக்கிற ஆளா அவன், அந்தப் பக்கம் ஒரு பந்து போனா உங்களத் தொலச்சிருவேன்னாரு. நெசமாவே தூண்டிலா?"

"வந்து பாத்திருக்கலாமே," என்றான் வெர்லன்.

கேட்ஸ் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். வெர்லனும் சிரித்த முகத்தோடு அங்கேயே நின்றான். நான்கு வருஷத்துக்கு முந்தைய வெர்லன் பகெட் ஒருவன் இன்னும் எங்கோ நல்ல இடுப்போடு இருக்கிறான். அவனைக் கண்டுதான் எல்லோரும் பயந்திருக்கிறார்கள். லூயிவில்காரர் மட்டுமல்ல. தன் பயிற்சியாளரே ஐந்து வாரமாக அப்படித்தான் நினைத்துப் பேசாமல் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாக்கி ஐந்து ஆட்டம். இனி எந்த ஊருக்குப் பெட்டி போனாலும் அந்த ஊர்க்காரன் அதையேதான் பார்ப்பான். ஒன்றும் செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், டிசம்பரில் புத்தகத்தைத் தானே மேசைமேல் வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வரலாம்.

 தன் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது ஆர்டெல், நாளைக்குத் தன் மாமியாரைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போகவேண்டும், காலையில் தனியாக வந்துவிடுகிறேன் என்றான். நாளை படம் போடும் நாள். இதுவரை அவன் அந்த நாளில் தனியாக வந்ததில்லை.

மாலை எர்னஸ்டீனிடம் கேட்ஸ் சொன்னதைச் சொன்னான். நல்ல செய்தி என்று அவள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் தட்டில் கோழியை வைத்துவிட்டு, ஆர்டெலுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றான். அவள் அடுத்த தட்டை எடுக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பின்காவலர்கள் படம் பார்க்கும் அறை அரங்கின் அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மடக்கு நாற்காலிகள், ஈரக் கோட்டுகளின் வாடை, புரொஜெக்டரின் சூடு. வோஸ்னியாக் கையில் கம்பியோடு கூடிய ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் படம் முன்னால் போகும், மறுபடி அழுத்தினால் பின்னால் வரும். முதல் பாதியை வேகமாக ஓட்டினார். மூன்றாம் பகுதி வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

திரையில் ஆர்டெல் இடப்பக்கம் நகர்ந்தான். பந்து நடுவில் பறந்தது. பொத்தான். பந்து எறிபவனின் கைக்குத் திரும்பியது, ஆர்டெல் பின்னோக்கி நடந்து தன் இடத்துக்கு வந்தான். பொத்தான். மறுபடி நகர்ந்தான். பதினொரு முறை அவனை அனுப்பித் திரும்ப வரவழைத்தார் வோஸ்னியாக். ஒவ்வொரு முறை அவன் சரியான இடத்துக்கு வரும்போதும், இந்த முறையாவது நின்றுவிட மாட்டானா என்று வெர்லன் திரையையே பார்த்தான்.

"எங்க போற ஆர்டெல்? அங்க யாராவது விருந்து வெச்சிருக்காங்களா?"

"தப்பாக் கணிச்சிட்டேன், கோச்."

"அந்தப் பக்கம் யாரு இருக்கா? வெர்லன் இருக்கான். தூண்டிலப் போட்டுட்டு ஒரு ஆட்டம் பூரா ஒரு பயல அண்டவிடாம வெச்சிருக்கான். அவனுக்குத் துணை எதுக்குய்யா? நீ துணை போற ஆளா?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஆர்டெல் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெப்ராஸ்காப் பையன் ஷூவைப் பார்த்தான். வோஸ்னியாக் காதிலிருந்து பென்சிலை எடுத்து மடியிலிருந்த தாளில் ஒரு கோடு போட்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை நடுவில் யார் நிற்பது என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார். படத்தை அந்த நகர்வின் ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். திரையில் இருபத்திரண்டு பேரும் பந்து நகர்வதற்குக் காத்து அசையாமல் நின்றார்கள். எல்லோரும் நடுவைப் பார்த்தார்கள். இடது ஓரத்தில், பாதி உடல் சட்டத்துக்கு வெளியே போன சின்ன உருவம் ஒன்று இருந்தது.

வெர்லன் எழுந்தான். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது. அதை அவன் மறைக்கவில்லை.

"உக்காரு வெர்லன், மறைக்குது," என்றார் வோஸ்னியாக்.

அவன் உட்காரவில்லை. இடது காலை இழுத்து இழுத்து, மடக்கு நாற்காலிகளுக்கு இடையே, புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குள் நடந்து போனான். வெள்ளைக் கோடுகளும் மனிதர்களும் அவன் சட்டைமேல் ஏறினார்கள். திரையருகே போய் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, சின்ன உருவத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான். கையை அகல விரித்து, சுண்டு விரலை எதிரே நின்ற கேட்ஸின் மேல் ஊன்றினான். எட்டவில்லை; இன்னும் இழுத்து விரித்தான். அந்த ஒன்பது கெஜச் சாணை அப்படியே திரையில் அழுத்திப் பிடித்தபடி, பயிற்சியாளரின் பக்கம் முகத்தைத் திருப்பினான்.